முதலாளியின் குரல்

குளியலறைக்குள்ளிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

அடுப்படியில் நின்றிருந்தவளின் கையிலிருந்து கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. அதே குரல்தான். தொண்டைக்குள் கல் உருளுவது போன்ற கரகரப்பு, பேச்சின் முடிவில் வரும் அந்தக் குட்டிச் சிரிப்பு. ஒரு வாரமாக ஊரையே பற்ற வைத்திருக்கும் அந்த ஒரே வரி.

"கோப்பையைத் தொடறதுக்கு முன்னால அவனுங்களுக்குக் கையுறை மாட்டி விடுங்கய்யா. அந்தக் கறுப்புத் தோல் பட்டா வெள்ளியும் கறுத்துடும்!"

அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். குழாய் நின்றது. கதவு திறந்தது. உள்ளே முகமெல்லாம் ஈரமாக, கண்ணெல்லாம் சிவந்து நின்றது அவள் கணவன்.

"உங்களுக்கு என்ன, புத்தி கெட்டுப் போச்சா? பக்கத்து வீட்டுல கேட்டா என்ன ஆகும்?"

"வ... வருதானு பார்த்தேன்." அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "அப்... அப்படியே வருது."

அந்தத் துண்டை இழுத்து, அவன் கண்ணைப் பார்த்து, ஒன்று கேட்க வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

கால்பந்து மைதானத்தில் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்பவன் அவன். கிளி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். யார் குரலை ஒரு தடவை கேட்டாலும் மறு நிமிடம் திருப்பிச் சொல்லிவிடுவான். ஆனால் கடவுள் அவனுக்கு ஒரு ஓரவஞ்சனை செய்திருந்தார். ஊரார் குரலெல்லாம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வரும். சொந்தக் குரல் மட்டும் வாசற்படியிலேயே தடுக்கி விழும்.

அவள் முதலில் காதலித்தது அவனை அல்ல, பேருந்து நிலையத்து அறிவிப்பை. தினமும் வேலைக்குப் போகும்போது அந்தக் கம்பீரமான குரல் பேருந்து புறப்படுவதைச் சொல்லும். அந்தக் குரலுக்காகவே இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டிருக்கிறாள். ஒருநாள் துணிந்து அறிவிப்பு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒல்லியாக ஒருவன் எழுந்து நின்றான். பேர் என்ன என்று கேட்டதற்கு அவன் முதல் எழுத்தைத் தாண்டவே அரும்பாடுபட்டான். பழைய அறிவிப்பாளரின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு அவன் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். முழுப் பேரும் வந்து சேரும் வரை, சிரிக்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தாள். அப்படி அவன் பேச்சுக்காகக் காத்திருந்த முதல் ஆள் அவள்தான். அந்த வருடமே கல்யாணம் ஆயிற்று.

பிறகு மைதானத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. அவளுக்கும் அங்கேயே, அணியின் சலவைப் பிரிவில். குடியிருக்க மைதானத்துக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் ஒன்று. அணியும் முதலாளியுடையது, வேலையும் முதலாளியுடையது, கூரையும் முதலாளியுடையது. ஆண்டு விழாவில் கிளி மேடையேறி முதலாளி குரலிலேயே முதலாளியை வரவேற்றபோது அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளியும் சிரித்துத் தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டினார். அந்தக் கடிகாரம் இன்றும் அவன் மணிக்கட்டில்தான் இருந்தது. இப்போது அது அவளுக்கு விலங்கு போலத் தெரிந்தது.

முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால், மாடியில் தன் கண்ணாடி அறையில் உட்கார்ந்தபடியே, வீரர்கள் உடை மாற்றும் அறைக்கு மைக்கில் உபதேசம் செய்வார். எப்போது மனம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை அவர் வாயைத் திறந்தபோது இணைப்பு மூடியிருந்தது. அன்று கிளி வாங்கிய வசவைக் கேட்டு, புல் வெட்டுகிற பெரியவர்கூடக் காதைப் பொத்திக்கொண்டார். அதிலிருந்து ஆட்ட நாட்களில் கிளி அந்த மைக்கை மூடுவதே இல்லை. பயத்தில் பழகிய பழக்கம்.

போன வாரம் இறுதி ஆட்டம். முதலாளி கண்ணாடி அறையில் நண்பர்களோடு இருந்தார், மைக் திறந்தே இருந்தது. அந்த வரி நேராக உடை மாற்றும் அறையில் போய் விழுந்தது. அங்கே பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் கறுத்தவர்கள். கோல் காக்கும் பையனை எல்லாரும் பூட்டு என்பார்கள். அவன் நின்றால் கோல் பூட்டியது போலத்தான். அந்தப் பூட்டு தன் கையுறைகளைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு போய் நின்றான். ஆட்டம் முழுக்க வெறுங்கையாலேயே பந்தைத் தடுத்தான். ஒரு விரல் முறிந்தது. கையுறை எங்கே என்று ஊர் கேட்டது. அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது.

அன்று சலவைக்கு வந்த மூட்டையில் சேறு படியாத அந்தக் கையுறைகள் கிடந்தன. அழுக்கே இல்லாத அவற்றை அவள் துவைத்தாள். ஏனென்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலையொட்டிக் கொடியில் போட்டவள், எடுக்க மனமில்லாமல் அப்படியே விட்டிருந்தாள்.

முதலாளி தொலைக்காட்சியில் தோன்றிக் கையை விரித்தார். "அது என் குரலே இல்லீங்க. யாரோ விளையாடியிருக்காங்க" என்றார்.

அந்த 'யாரோ' என்ற சொல் வந்த நாளிலிருந்துதான் அவள் தூக்கம் போயிற்று. ஒலி அறையில் கிளி தனியாக இருந்தான். அவன் மேசையிலும் ஒரு மைக் இருந்தது. பூட்டே அவனை வழிமறித்து, "அண்ணே, அது நீங்களா?" என்று கேட்டுவிட்டான். கிளியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பூட்டு காத்திருக்காமல் போய்விட்டான்.

நாளைக் காலை, போட்டிகளை நடத்தும் லீக்கின் விசாரணைக் குழு கிளியைக் கூப்பிட்டிருக்கிறது.

வாசல் கதவு தட்டப்பட்டது. மெதுவாக, விரல் நுனியால்.

"சர்க்கரை" என்று கிளி முணுமுணுத்தான். அணியின் மேலாளருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் அது. பேச்சில் அவ்வளவு இனிப்பு. சர்க்கரை வீட்டுக்குள் வந்தால் வியாதியும் வரும் என்று சலவைக்கூடத்துப் பெண்கள் சிரிப்பார்கள். இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்ன தங்கச்சி, சௌக்கியமா?" மேலாளர் கொடியில் தொங்கிய கையுறைகளுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். "ஐயா பேசற மாதிரி இருந்துச்சே உள்ள? ஒரு நிமிஷம் பதறிட்டேன், போ!"

அவள் முந்திக்கொண்டாள். "டிவி, சார்."

"டிவியா?" அவர் சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் டிவி இல்லை. "சரி, சரி. உக்காரு தம்பி. ஏன் நிக்கற? நான் என்ன போலீஸா?"

கிளி உட்கார்ந்தான். மேலாளர் நாற்காலியை அவன் முழங்காலில் இடிக்கும் அளவுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாரு. ஒளிவுமறைவு இல்லாம பேசுவோம். ஐயா ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாரு. பெரிய மனுஷன், நாலு பேரு கூட இருக்கறப்ப வர்ற பேச்சு. இதுக்குப் போய் ஒரு விசாரணையா?"

ஐயா சொல்லிவிட்டார்! அப்படியானால் கிளி பேசவில்லை. கட்டிய கணவனையே ஒரு வாரமாகச் சந்தேகித்த பாவியாக, அவள் சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பவும் போல அபராதம்னா கட்டிட்டுப் போயிடுவாரு" என்று மேலாளர் தொடர்ந்தார். "அது அவருக்கு ஒரு நாள் விருந்துச் செலவு. ஆனா இந்தத் தடவை லீக்கில வேற மாதிரி பேசறாங்க. மைதானத்துக்குள்ளயே விடக்கூடாதாம். அணியையே வித்துட்டுப் போகணுமாம். அந்தப் பூட்டு இருக்கானே, என்ன சொன்னான் கேட்டியா தங்கச்சி?"

கேட்டிருந்தாள். கட்டுப் போட்ட விரலோடு தொலைக்காட்சியில் அவன் சொன்னதைச் சலவைக்கூடமே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. "அபராதம் கட்டினா, எங்களைத் திட்டறதுக்கு அவர் டிக்கெட் வாங்கின மாதிரிதான். எங்க கையால ஜெயிச்ச எதுவும் இனிமே அவருக்குச் சொந்தமா இருக்கக் கூடாது."

"அணி கை மாறினா யாருக்கு நஷ்டம்?" மேலாளரின் குரல் இன்னும் குழைந்தது. "ஐயாவுக்கா? அவர் நாளைக்கு வேற கடை திறப்பாரு. வாங்கறவன் ஆளுங்களோட வருவான். இந்த வீட்டை எல்லாம் இடிச்சு வண்டி நிறுத்த இடம் பண்ணுவான். ஐயாவுக்குக் குடுக்கற தண்டனை கடைசில உன் தலையிலதான்மா விழும், உன் சலவைத் தொட்டி மேலதான் விழும்."

அது பொய் இல்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"அதே சமயம், ஒரு தொழிலாளி ஏதோ விளையாட்டுக்குக் குரல் மாத்திப் பேசினான்னா, அது சின்ன விஷயம். கொஞ்ச நாள் வேலைக்கு வர வேணாம்னுவாங்க. சம்பளம் மாசாமாசம் வீடு தேடி வந்துடும். நீ நம்ம பிள்ளை. ஆண்டு விழாவுல பார்த்த அத்தனை பேரும் சாட்சி, உனக்கு வரும்னு."

"செ... செ..."

"செய்யலைன்னுதானே சொல்ற? தெரியும்பா. நீ பேசி முடிக்கறதுக்குள்ள அந்தக் குழு சாப்பிடப் போயிடும்." அவரே சொல்லி அவரே சிரித்தார். பிறகு மேசையில் ஒரு கைக்குட்டையை மடித்துப் போட்டு, தன் கைப்பேசியை அதன் மேல் வைத்தார். "அதெல்லாம் விடு. எனக்காக ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டு. அந்த வரியை. ஐயா மாதிரி வருதானு நானும் பாக்கறேன். சும்மா தமாஷுக்கு."

அவளுக்குத் தெரியும். பயம் முற்றினால் அவன் இன்னொருவர் குரலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வான். வீட்டுக்கு ஆள் வந்து அதட்டினால் பழைய அறிவிப்பாளர் குரலில் பதில் சொல்வான். இப்போதும் அவன் உதடு ஓரமாக வளைந்தது. முதலாளியின் சிரிப்பு தொடங்குகிற இடம் அது.

"ஏங்க!" என்றாள் அவள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேசையில் வைத்துப் பதிவு செய்தால் மேசை அதிர்வது சேர்ந்து விழும், அடியில் துணி போட வேண்டும். ஆண்டு விழா ஒத்திகையில் மேலாளருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே கிளிதான். கைப்பேசியின் கீழ்முனை அவன் வாய்க்கு நேராகத் திரும்பியிருந்தது.

அவன் உதடு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தக் கடிகாரத்தைக் கழற்றினான். அதைக் கைக்குட்டையின் ஓரத்தில் வைத்தான். பிறகு கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அந்த... மை... மைக்..."

மேலாளர் சட்டென்று கையை நீட்டினார். அதற்குள் அவள் நடுவில் வந்து நின்றாள். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"நீங்கதானே சார் பேசச் சொன்னீங்க? பேசட்டும்."

"அந்த மைக் தி... திறந்திருந்துச்சு. நா... நான்தான் திறந்து வச்சேன். அது எ... என் தப்பு." அவன் மூச்சுக்குத் தவித்தான். அறை முழுக்க அந்தத் தவிப்பு நிறைந்தது. "பே... பேசினது... மு... மு..."

அவள் காத்திருந்தாள். அந்த அறிவிப்பு அறை வாசலில் காத்திருந்தது போல.

"முதலாளி."

மேலாளர் எழுந்தார். கைப்பேசியை எடுத்து எதையோ அழித்தார். கடிகாரத்தையும் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் இனிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

"இப்படித் திக்கித் திக்கி நாளைக்கு அங்க சொன்னா, யாருப்பா உக்காந்து கேப்பாங்க?"

"கே... கேக்கட்டும்" என்றான் கிளி. "கா... காத்திருந்து கேக்கட்டும்."

மேலாளர் அவளைப் பார்த்தார். "தங்கச்சி, நாளைக்கு அவர் உள்ள பேசிட்டிருக்கறப்ப நீ வீட்டுல தனியாத்தானே இருப்ப?"

"இல்லைங்க சார். நானும் கூடத்தான் போறேன். அங்க வர்ற பூட்டுத் தம்பிக்கு அவன் கையுறையைக் குடுக்கணும்."

மேலாளர் தலையசைத்தார். குனியாமல் நடந்ததில் ஈரமில்லாத அந்தக் கையுறைகள் அவர் நெற்றியில் உரசின. தட்டிவிட்டுக்கொண்டே படியிறங்கினார். தெருவிளக்கடியில் அவருக்காக ஒரு கார் நின்றிருந்தது. அதில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் திரும்பி, இந்த வீட்டு வாசலை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

அவள் கொடியிலிருந்து கையுறைகளை உருவி மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.