ஒயருக்கு வைத்த பொட்டு

புது டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்ததில் கண் வலித்ததுதான் மிச்சம். பழைய வீடியோ டெக் ஒயரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளைச் செருக இதில் துளையே இல்லை. அண்ணன் கல்யாணக் கேசட்டில் மட்டும்தான் அம்மாவின் குரல் இருக்கிறது. எரிச்சலில் ஒயரை வீசப் போனவள், வெள்ளை முனையின் இடுக்கில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

கச்சிராயபாளையத்தில் அப்பா நடத்திய டெக் வாடகைக் கடையில் கேசட் வாடையும் கரும்பு டிராக்டர்கள் கிளப்பும் புழுதியும் கலந்தே இருக்கும். ஆணிகளில் ஒயர்கள் சடைசடையாகத் தொங்க, அப்பா முனைகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். ஆயுத பூஜையன்று அம்மா டிவிக்கும் டெக்குக்கும் சந்தனம், குங்குமம் வைத்த கையோடு ஒயர் முனைகளுக்கும் வைத்துவிடுவாள். மறுநாள் ஏதாவதொரு காதுகுத்து வீட்டில் படம் மட்டும் ஓடும், சத்தம் வராது. கூட்டம் கூச்சல்போட, முனைகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிய அப்பா வீட்டுக்கு வந்து கத்துவார்.

“ஒயருக்கு இன்னாத்துக்குடி பொட்டு?”

“நமக்குச் சோறு போடறது அதுதானேங்க!”

அடுத்த வருஷமும் வைப்பாள். அவரும் கத்திவிட்டுத் துடைப்பார்.

இந்தச் சந்தனத்தை அவர் துடைக்கவில்லை. அந்தப் பூஜைக்குப் பிறகு டெக் கேட்டு யாரும் வரவில்லை.

ஊக்கை எடுத்து நானே சுரண்டினேன். முனை இப்போது பளபளவென்று இருக்கிறது. செருகத்தான் இடமில்லை.