ஏரிக்கரையில் துணி மடித்தவர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறவள் நான். பயத்தினால் இல்லை, எனக்கு அதில் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. பொழுது சாய்ந்தபின் மொட்டை மாடிக்குப் போக வீட்டில் மற்றவர்கள் தயங்குவார்கள், நான்தான் தனியாகப் போய்க் காய்ந்த துணியை எடுத்துவருவேன். அப்படிப்பட்டவள் இதை எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்திருக்கிறேன், கோர்வையாக வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவும் வராது, அதனால்தான் இத்தனை வருஷம் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லையே. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. எங்கள் ஜவுளிக்கடை பாண்டி பஜாரில் இருந்தது, வீடு பனகல் பார்க்குக்குப் பின்னால். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் மாமனார் வந்து போட்ட கடை. அவருக்குப் பிறகு என் வீட்டுக்காரரும் அவர் தம்பி சண்முகமும் பார்த்துக்கொண்டார்கள். சண்முகத்தின் மனைவி கோமதி, எங்களுக்குச் சொந்தம்தான், ஆனால் சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், பேச்செல்லாம் மெட்ராஸ் பேச்சு. நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

கடையில் விரித்துக் காட்டிய சேலையைத் திரும்ப மடிக்க வேண்டுமே, அதில் சண்முகத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொள்வார், இரண்டு கையையும் அகல விரிப்பார், ஒரு உதறு, ஒரு மடிப்பு, அவ்வளவுதான், அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. நான் மாடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு வந்து போட்டால் பேசிக்கொண்டே மடித்து அடுக்கிவிடுவார். தாடை பட்ட இடத்தில் வியர்வை ஈரம் வட்டமாக இருக்கும். "இன்னா, என் பொடவைக்கு முத்திரை குத்திட்டீங்களா?" என்று கோமதி கேலி செய்வாள்.

அந்தச் சண்முகம் காணாமல் போனார். சிலோனில், அநுராதபுரத்துக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரரின் பெரியம்மா மகன் நெல்லையப்பன் ஜவுளி வியாபாரம் செய்துவந்தார். அவருக்கு ஒத்தாசையாக ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவர், புத்தளத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரியில் கூடப் போயிருக்கிறார். காட்டோரமாக லாரி நின்றுவிட்டது. டிரைவர் ஆள் கூட்டிவரப் போய்த் திரும்பினால், லாரி இருக்கிறது, சரக்கு இருக்கிறது, சண்முகம் இல்லை. போலீஸ் தேடியது, ஊர் ஆட்கள் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. கோமதி பொட்டு வைத்தாள், பூ வைத்தாள், ஒரு நாள் தவறாமல். மயிலாப்பூரில் ஒரு ஜோசியர் ஆள் இருக்கிறது என்பார், இன்னொருவர் இல்லை என்பார். கடைசியில் என் மாமியார்தான் பேச்சை எடுத்தார்கள். கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், அலுத்துப்போயிருந்தார்கள்.

"கோமதி, நானும் எம்புள்ளைக்கு அழுது முடிக்கணும்ல. காரியம் பண்ணிருவோம்மா."

பண்ணினால் பூவும் பொட்டும் போய்விடும். "அந்தக் காட்ட ஒரு தபா என் கண்ணால பாத்துட்டு வந்துர்றேன் அத்தை. அதுக்கப்புறம் நீங்க இன்னா சொல்றீங்களோ அப்டியே செய்றேன்" என்றாள் கோமதி.

இப்படித்தான் புறப்பட்டோம். அக்கம்பக்கத்தில் புத்தர் கோயில் பார்க்கவும் காட்டு மிருகம் பார்க்கவும் போகிறோம் என்று சொல்லிக்கொண்டோம். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தபோது நான் வெட்கத்தில் கண்ணை மூடிவிட்டேன், திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர், நான், கோமதி, மூன்று பேர். எழும்பூரில் ரயில் ஏறும்போது கோமதி கை நிறைய மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள். ராமேஸ்வரம் போய்க் கப்பல் ஏறினோம், கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கோமதிதான் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில். அநுராதபுரம் போய்ச் சேரும்போது அவள் தலையில் இருந்த மல்லிகை சருகாகியிருந்தது.

அங்கே கடைத்தெருவில் தொடுத்த பூ அன்றைக்குக் கிடைக்கவில்லை. கோயிலுக்கு வைக்கிற தாமரையும் அல்லியும் மட்டும் காம்போடு விற்றார்கள். வெறும் தலையோடு கோமதி அன்று காலையில் பேசவே இல்லை, அவள் பேசாமலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நெல்லையப்பன் அத்தான் எங்களைக் கோயில்களுக்குக் கூட்டிப்போனார். பெரிய வெள்ளைத் தூபி, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி, வெயிலில் கண் கூசியது. மணல் முற்றம். வெள்ளை உடுத்திய ஜனங்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். மணி கிடையாது, கற்பூரம் கிடையாது. கல் மேடை மேலே பூவை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கோமதியும் ஒரு நீல அல்லியை வைத்தாள். வைத்துவிட்டு நின்றாள். எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும், சாமிக்குக் கொடுத்த பூவில் ஒன்றாவது பிரசாதமாகத் திரும்பி நம் கைக்கு வர வேண்டும். யாரும் கொடுக்கவில்லை. கொடுக்க அங்கே பூசாரியே இல்லை. அவளாகவே கையை நீட்டி ஒரு பூவை எடுத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், தலையில் செருகிக்கொண்டாள். அவள் எடுத்தது அவள் வைத்த பூ இல்லை, பக்கத்தில் இருந்தது.

வெறும் தட்டோடு நின்ற ஒரு சிங்களப் பெண், கோமதி வயதுதான் இருக்கும், அத்தானிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அத்தானுக்கு முகம் மாறிவிட்டது.

"இங்க வச்ச பூவ எடுக்கக்கூடாதும்மா. அது அங்கனயே கெடந்து வாடணும். அதுக்குத்தான் வைக்காங்க."

"வாடுறதுக்கா? வாங்கினா திருப்பிக் குடுக்க வாணாமா அத்தான்? இன்னா சாமி இது" என்றாள் கோமதி. பூ வைத்ததும் பேச்சு திரும்பிவிட்டது அவளுக்கு. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

வெளியே வரும்போது அத்தான் என்னிடம் மட்டும் சொன்னார், அந்தப் பூ அந்தப் பெண் செத்துப்போன தன் புருஷனுக்காக வைத்ததாம். இருக்கட்டும், வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னாளாம். கோமதியிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அத்தானோடு ஜீப்பில் வில்பத்துக் காட்டுக்குப் போனோம், சண்முகம் காணாமல் போனது அந்தக் காட்டோரத்தில்தான். கோமதி தலையில் அல்லி நேற்று செருகியது செருகியபடி விரிந்தே இருந்தது. பறித்த அல்லி அரை நாள் தாங்குமா, நீங்களே சொல்லுங்கள். வழிகாட்ட ஏறிக்கொண்டவர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். புள்ளிமான் கூட்டம் பார்த்தோம், எருமை பார்த்தோம், ஓடையில் முதலை கிடந்தது. சிவப்பு மண் பாதை நடுவில் ஒரு சிறுத்தை உட்கார்ந்திருந்து எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் எழுந்து போனது. என் வீட்டுக்காரர் சின்னப் பையன் மாதிரி என் முழங்கையை அமுக்கினார். கோமதி எதையும் பார்க்கவில்லை. மரங்களுக்கு இடையிலேதான் அவள் கண் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காட்டுக்குள் ஏரிகள் உண்டு. வெயில் தாழ்கிற நேரத்தில் ஒரு ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்தினார்கள். எதிர்க்கரையில் மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மான்களுக்கு நடுவில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் அகல விரித்து, நீளமாக எதையோ மடித்துக்கொண்டிருந்தார். ஒரு உதறு, ஒரு மடிப்பு. மான்கள் தலைகூடத் தூக்கவில்லை.

கோமதி ஜீப்பில் எழுந்து நின்றாள்.

"என்னாங்க!"

ஜீப்பில் இருந்த ஆண்கள் நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கரையில் நின்றவர் பார்க்கவில்லை. மடிக்கிற கை மட்டும் கொஞ்சம் நின்றது, தன்னை இல்லை என்று நினைத்த மாதிரி மறுபடி மடிக்க ஆரம்பித்தது.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி எங்களை வளர்த்த காலம் அது. கடைக்குப் போனால்கூட ஆறுமுகம் பொம்மை, சண்முகம் படம் எதையும் வாய்விட்டுக் கேட்கமாட்டாள் கோமதி, கையைத்தான் காட்டுவாள். அத்தனை வருஷமாகக் காணாத மனுஷருடைய ஆயுசுக்கு அவள் அந்த நிமிஷத்திலும் பயந்தாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, நீங்க பேர் சொல்லிக் கூப்புடுங்க. நீங்க மதினி, நீங்க சொல்லலாம். கூப்புடுங்கக்கா, போய்டப்போறாரு!"

நான் வாழ்க்கையில் சத்தம் போட்டு யாரையும் கூப்பிட்டவள் இல்லை. வீட்டில் அவரைத் தம்பி என்றுதான் சொல்வேன், அதுவும் தணிந்த குரலில். அன்று எப்படி வந்ததோ தெரியாது, "சண்முகம்!" என்று கத்தினேன். ஏரி முழுக்க என் குரல் போய்விட்டு வந்தது.

அவர் திரும்பினார். கோமதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். யார் கூப்பிட்டது என்று தெரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார், மடித்ததைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றி எங்கள் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் பார்த்தேன், அதற்குள் வழிகாட்டி ஏதோ அதட்ட, டிரைவர் ஜீப்பைத் திருப்பிவிட்டார்.

"யாரைப் பாத்துக் கூப்ட்டீங்க?" என்று என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டே வந்தார். அவரும் அத்தானும் பார்த்தது வெள்ளை நாரைகளையாம். வழிகாட்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, காட்டுல பேர் சொல்லிக் கூப்பிடறது இல்ல" என்றார்.

கோமதி தலையிலிருந்து அல்லியை எடுத்தாள். ஒரு வாரம் கிடந்த பூ மாதிரி கறுத்துச் சுருங்கியிருந்தது. அதை ஜீப்பிலிருந்து கீழே போட்டாள்.

"பாத்துட்டேங்க்கா. நீங்க கூப்ட்டதும் அவரு திரும்பிக்கூட பாக்கல. அப்டியே தண்ணிக்குள்ள எறங்கிப் போய்ட்டாரு. போதும், ஊருக்குப் போலாம்."

ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே ஆளை நாங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறோம். நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணினார்கள், அதை எரித்த சாம்பலை அடையாற்று முகத்துவாரத்தில் கரைத்தார்கள். மாமியார் அன்றுதான் வாய்விட்டு அழுதார்கள். கோமதி அழவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழிந்திருக்கும். மாடியிலிருந்து எல்லார் துணியையும் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுக் காப்பி போடப் போனேன். திரும்பி வந்தால் என் துணி மட்டும் மடித்து அடுக்கியிருந்தது. கடை மடிப்பு. மேல் சேலையில் வட்டமாக ஈரம். தொட்டுப் பார்த்தேன், வியர்வை இல்லை, பாசித் தண்ணீர் வாடை. என் வீட்டுக்காரர் கடையில், மாமியார் கோயிலில். வாசலில் நின்றிருந்த கோமதிதான் அதைப் பார்த்தாள். கிட்டே வந்து அந்த ஈரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள்.

"என்னுது ஏங்க்கா அப்டியே கெடக்குது?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அவள் தன் சேலையைத் துவைத்துக் காயவைத்துக் கட்டிலில் கொட்டிவிட்டு வெளியே போய் உட்காருவாள். உயிரோடு இருந்த வரைக்கும் செய்தாள். ஒரு நாளும் யாரும் மடிக்கவில்லை. எனக்கு மட்டும் மாதத்தில் ஒருமுறை, இரண்டு முறை. என் வீட்டுக்காரர், "நீயே மடிச்சிட்டு மறந்திருப்பே" என்பார். என்னோடு கோமதி சண்டை போடவில்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள்.

இப்போது அசோக் நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் இல்லை, கோமதியும் இல்லை, அவளுடைய சேலைகள் என் பெட்டியில் இருக்கின்றன. போன மாதம் அவள் பச்சைப் புடவை ஒன்றை வேண்டுமென்றே என் துணியோடு சேர்த்துக் கட்டிலில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். இவ்வளவு வருஷம் ஆயிற்றே, இதையாவது மடிக்கட்டுமே என்று. போய்ப் பார்த்தால் என் துணிகள் வரிசையாக அடுக்கியிருந்தன, ஈரத்தோடு. பச்சைப் புடவை மட்டும் போட்ட இடத்தில் கிடந்தது.

அன்று கூப்பிட்டது கோமதி, குரல்தான் என்னுடையது. அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பெயர் என் வாய்வரைக்கும் வருகிறது. அன்று ஏரிக்கு அந்தப் பக்கம் நின்றவர் இப்போது என் கட்டில்வரைக்கும் வந்துவிட்டார், இன்னொரு முறை கூப்பிட்டால் எங்கே வந்து நிற்பாரோ என்று வாயை மூடிக்கொண்டு பச்சைப் புடவையை நானே மடித்து வைக்கிறேன்.