மழை ஒழுக வேண்டிய கூரை

அந்தப் புகைப்படத்தில் என் மனைவி பின்வரிசையில் ஓரமாக நிற்கிறாள். முன்னால் சக்கர நாற்காலிகளில் ஏழெட்டுக் கிழவர்களும் கிழவிகளும். நீளமான மேசை, வெள்ளை விரிப்பு, தட்டில் பிளந்த மாதுளம்பழம். எல்லோரும் சிரிக்கிறார்கள். படம் கையில் கிடைத்ததும் நான் ஆட்களைப் பார்க்கவில்லை. அவர்கள் தலைக்கு மேல் இருந்த கூரையைப் பார்த்தேன். தென்னை மட்டை இல்லை, பேரீச்ச மட்டை. ஆனாலும் முடைந்த கை எது என்று தெரிந்துவிட்டது. ஜெயங்கொண்டம் பக்கம் அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் கீற்று முடைந்தால் விளிம்பில் இரண்டு இலையை மடித்துச் செருகுவார்கள். இஸ்ரேலில் ஒரு யூத முதியோர் இல்லத்தின் முற்றத்தில் அந்த மடிப்பு அப்படியே இருந்தது.

அந்தப் படம் எடுத்த அதே மழைக்காலத்தில் பெரம்பலூரில் என் கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். ரெட்டிபாளையம் சாலையில் சிமென்ட் லாரி கவிழ்ந்தால் போவேன், அரியலூர் ஸ்டேஷனில் கூட்டம் ரயிலை மறித்தால் போவேன். எழுதியதைக் கவரில் போட்டு, சாயங்காலம் திருச்சி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவேன். மனைவி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சுக்கு உதவியாக இருந்தாள். பிள்ளை இல்லை. ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கி, சுவரை ஜன்னல் உயரத்துக்கு மேல் எழுப்பியதோடு நிறுத்தியிருந்தோம். பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியிருந்தோம். சிமென்ட் ஆலைகளைப் பற்றி வாரத்துக்கு ஒரு செய்தி அனுப்பியவன் தலைக்கு மேல் தளம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த மலையாளி நர்ஸ் ஒருத்தி அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தாள். டெல் அவிவுக்கு வடக்கே ஒரு கடலோர ஊர். முதியோர் இல்லத்தில் தனி அறை வைத்திருந்த ஒரு கிழவிக்குக் கூடவே இருந்து பார்க்க வேண்டும். 2002 ஆடியில் கிளம்பும்போது சுவர்களைக் காட்டிச் சொன்னாள்: "தளம் போட்ற வரைக்கும்தாங்க. தளம்னு ஒன்னு வந்துட்டா நான் அங்க எதுக்கு?"

அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன்.

எங்களிடம் போன் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த லப்பைக்குடிக்காட்டு பாயின் நம்பரைக் கொடுத்திருந்தேன். அவர் துபாயில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் கடையைத் திறக்கும் நேரத்துக்கு அவள் கூப்பிடுவாள். அங்கே அப்போது முற்பகல். பொழுது சாய்ந்தால் அவர்களுடைய ஓய்வு நாளான சாபத் தொடங்கிவிடும். மறுநாள் பொழுது சாயும் வரை கிழவி அறையில் அடுப்பு, போன், சுவிட்ச் எதையும் தொடக் கூடாது. அதற்கு முன் சமையல் முடிய வேண்டும். அந்த அவசரத்துக்கு நடுவே எனக்கு ஒரு பத்து நிமிடம்.

"எங்க ஊர்ல ஆம்பள வெளிநாட்டுல இருப்பான், பொம்பளைங்க போனு பக்கத்துல உக்காந்திருப்பாங்க," என்றார் பாய், முதல் வெள்ளிக்கிழமையே. "நீங்க எங்க ஊருக்குக் குடி வந்துடுங்க சார். நல்லா பழகிக் குடுப்பாங்க."

"சிரிங்க பாய்."

"எந்த ஊர்னு சொன்னீங்க?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்த நாட்டைப் பற்றி அவரிடம் சொல்ல நிறைய இருந்திருக்கும். ரசீது மெஷினில் காகிதத்தைச் சரிசெய்துவிட்டு, "கெழவியத்தான பாக்கப் போயிருக்காங்க. கெழவிக்கு ஏது ஊரு," என்று சொல்லி ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

அங்கே குண்டு வெடித்ததாக ஏஜென்சி செய்தி வந்தால் முதலில் ஊர்ப் பெயரைத்தான் பார்ப்பேன். அந்தப் பயம் வேறு. பயம் வந்து போனது. பொறாமை போகவில்லை.

எதன் மேல் பொறாமை என்பதை அவளே வாராவாரம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இல்லத்தில் லிப்ட் பக்கத்துச் சுவரில் மாதத்தில் என்னென்ன நடக்கும் என்று ஒட்டிவிடுவார்களாம். உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி, பாட்டு, களிமண்ணில் பொம்மை. கார்த்திகை தீபம் முடிந்த கொஞ்ச நாளில் அவர்களுக்கும் விளக்குப் பண்டிகை, எட்டு நாள், நாளுக்கு ஒரு விளக்கு கூடும். தையில் மரங்களுக்கு ஒரு பண்டிகை. "நம்ம மாட்டுப் பொங்கல் மாதிரி இது மரப் பொங்கலுங்க," என்றாள். நான் அந்தப் பொங்கலுக்குப் பானை வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, ஒரு ஜல்லிக்கட்டுத் தகராறை எழுதப் போனேன்.

மாசி, பங்குனி வாக்கில் வேடம் போடும் பண்டிகை ஒன்று. இல்லத்துக் கிழவர்கள் ராஜா, போலீஸ்காரன் என்று ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொள்வார்கள்.

"எங்க அம்மாவுக்கு என்ன வேசம் தெரியுமா? பொடவ கட்டி உட்டேன்."

கிழவியை அவள் 'எங்க அம்மா' என்பாள். அதை ஏற்கெனவே விழுங்கியிருந்தேன்.

"எந்தப் பொடவ?"

"கூறப்பொடவதான். அதுதான பளிச்சுனு இருந்துச்சு."

"நம்ம கூறப்பொடவயா?"

"ஒரு நாளுதாங்க. மொத பரிசு குடுத்தாங்க. மூனு மாடியும் சுத்திக் காமிச்சிட்டு வந்துச்சு."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் புடவையை அவள் கட்டி நான் பார்த்தது இரண்டே தடவை. ருமேனியாவில் பிறந்த ஒரு கிழவி அதைக் கட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் மூன்று மாடி ஊர்வலம் போயிருக்கிறாள். பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், மவுத்து செய்தியா? யாரும் போயிட்டாங்களா?" என்று பதறினார்.

அப்புறம் அந்தக் கிழவி போனில் வரத் தொடங்கினாள். மனைவியிடமிருந்து ஒரே ஒரு தமிழ் வாக்கியம் கற்றிருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசியில் போனை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாப்டியா?" என்பாள். எங்கே பிடித்தாள் என்பது தெரிந்ததுதான். நாளெல்லாம் என் மனைவி அவளைக் கேட்பது அது. கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் 'சாப்டீங்களா' என்றுதான் கேட்டிருக்கிறாள். பெற்ற தாயிடம் பேசுகிற மாதிரி அந்த அம்மாளிடம் பேசுகிறாள்.

"சாப்ட்டேன்," என்பேன் ஒவ்வொரு முறையும். அவளுக்கு அந்தப் பதிலும் தெரியும். திருப்தியாகச் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்டவரிடம் அதைத்தானே சொல்வோம்.

கூரை விஷயம் இரண்டாவது வருடம் நடந்தது. புரட்டாசி, ஐப்பசியில் ஒரு பௌர்ணமியில் அவர்களுடைய பந்தல் பண்டிகை தொடங்கும். கான்கிரீட் கட்டடத்தில் இருக்கிறவர்கள் ஏழு நாளைக்கு முற்றத்தில் பந்தல் போட்டு, அதற்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மேலே தழைதான் பரப்ப வேண்டும். தோட்டக்காரன் பேரீச்ச மட்டையைக் கொண்டுவந்து குவித்திருக்கிறான். அதை அப்படியே மேலே போடப் போவதைப் பார்த்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. வேலை ஒழிந்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, முள்ளைச் சீவி, பிளந்து, முடைந்து, நெருக்கமாக வேய்ந்துவிட்டாள். பேரீச்சை ஓலை கையைக் கிழிக்கும். கிழித்திருக்கிறது.

"எறும்பு எறங்காதுங்க. அப்பிடி வேஞ்சேன்."

எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள். பிறகு வழிபாட்டுக்குப் பொறுப்பான ஒரு தாடிக்காரர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். தோட்டக் குழாயை எடுத்துக் கூரை மேல் பீய்ச்சச் சொன்னார். ஒரு சொட்டு கீழே வரவில்லை. என் மனைவி கைகட்டிப் பெருமையாக நின்றிருக்கிறாள். தாடிக்காரர் கூடாது என்று தலையை ஆட்டினார். இது பந்தல் இல்லை, வீடு. நட்சத்திரம் தெரிய வேண்டும், மழை பெய்தால் உள்ளே ஒழுக வேண்டும். அப்படி இருந்தால்தான் செல்லும்.

"நாலு நாளு வேலைங்க. பிரிக்கச் சொல்லிட்டாங்க."

"பிரிச்சியா?"

"ஓரத்த மட்டும் உட்டுட்டு நடுவுல பிச்சி உட்டேன். எங்க அம்மா அழுவுது, இவ கை கிழிஞ்சு போச்சேனு. நான் சிரிக்கிறேன். ஒழுவற மாதிரி வேய்யத் தெரியாதவள்னு இங்க எனக்குப் பேரு."

அந்த ஓரம்தான் பின்னால் வந்த படத்தில் நான் பார்த்தது. இங்கே கொட்டகைக்கு இரண்டு வருடமாகக் கீற்று மாற்றவில்லை. கூலிக்கு ஆள் வைத்து மாற்றியிருக்கலாம். வைக்கவில்லை. அவள் முடைந்த கூரைக்கு வேறு கை எதற்கு என்று வீம்பு. ஒழுகாத கூரை வேண்டிய இடம் ஒழுகியது. ஒழுக வேண்டிய இடத்தில் அவள் ஒழுகாமல் வேய்ந்துகொண்டிருந்தாள். ஈரமான பேப்பர் கட்டுகளைக் கயிற்றுக் கட்டில் மேல் ஏற்றிவைத்துவிட்டு நான் குடையோடு உட்கார்ந்திருந்தேன்.

முதல் ஒப்பந்தம் முடிந்தது. ஒரு வருடம் என்று நீட்டினாள். 2005-ல் மறுபடி நீட்டும் பேச்சு வந்தது. நான் விசாரித்துப் பார்த்தேன்: அவள் அனுப்பியதில் தளம் போட்டுவிடலாம். உடனே இறங்கினேன். கம்பி வந்தது, அரியலூரிலிருந்து சிமென்ட் வந்தது, சென்ட்ரிங் அடித்தார்கள். புரட்டாசியில் ஒரே நாளில் கான்கிரீட் கொட்டியாயிற்று. தளம் போடுகிற அன்று கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும் வீட்டுக்காரிதான் கறிச்சோறு பரிமாற வேண்டும். நான் மெஸ்ஸிலிருந்து வாளியில் வாங்கிவந்து பரிமாறினேன். "வூட்டுக்காரம்மா கையால வாங்கல. தளம் சேதி கேட்டு ஓடியாரணும், பாத்துக்கங்க," என்றாள் ஒரு சித்தாள்.

பாய் நேராகவே கேட்டார். "தளத்தப் போட்டுட்டா வந்துடுவாங்கனு கணக்கா சார்?"

"அவதான் சொன்னா."

"நானும்தான் சொன்னேன், ஒரு வருசத்துல வந்துடறேன்னு. இருவது வருசம் ஆச்சு."

அந்த வெள்ளிக்கிழமை அவளிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். எத்தனை மூட்டை ஆச்சு, தண்ணீர் கட்டினீர்களா என்றெல்லாம் கேட்டாள். வருகிற பேச்சை எடுக்கவில்லை. கடைசியில், "ஞாயித்துக்கெழம கையெழுத்துப் போடணும்ங்க. இன்னும் ஒரே ஒரு வருசம். இப்பதான் நடக்கவே மாட்டேங்குது. நான் உட்டுட்டு வந்தா வேற ஆளு கையால சாப்புடாது," என்றாள்.

தளம் ஒரு சாக்குதான் என்பது அப்போது புரிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. நடுவில் சாக்கு மாறிவிட்டது.

"பந்தல்ல இருந்துதான் பேசறேன்," என்றாள் தொடர்ந்து. அவர்களுக்குப் பண்டிகை வாரம். "இந்த வருசம் ஒழுங்கா ஒழுவற மாதிரி வேஞ்சிருக்கேன். அய்யோ, தூறல் போடுது. எல்லாரும் உள்ள போறாங்க. மழ வந்துட்டா பந்தல்ல உக்காரணும்னு இல்லயாம், வூட்டுக்குள்ள போயிடலாமாம். இருங்க, அம்மா போனு கேக்குது."

செருமல். பிறகு, "சாப்டியா?"

அன்று பெரம்பலூரிலும் மழை. மெஸ்காரன் அடுப்பே பற்றவைக்கவில்லை. காலையிலிருந்து இரண்டு டீ.

"இல்ல," என்றேன்.

அந்தப் பக்கம் ஓலை மேல் மழை விழும் சத்தம் கேட்டது. கிழவி மறுபடி கேட்டாள், இன்னும் மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. நானும் மறுபடி அதையே சொன்னேன். அப்புறம் அவர்கள் பாஷையில் மளமளவென்று ஏதோ கேட்டது, மனைவி ஏதோ பதில் சொன்னாள், லைன் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி போனில் கோபமாக வந்தாள்.

"என்னத்தச் சொன்னீங்க அதுகிட்ட?"

"சாப்புடலன்னேன். சாப்புடல."

"ஒரு வாரமா என்னக் கொல்லுது. அவனுக்கு யாரு சோறு போடறதுன்னு கேக்குது. மெஸ்ஸுனு சொன்னா, அப்பறம் ஏன் சாப்புடலங்குது. கையெழுத்துப் போட உடல. காயிதத்தப் புடுங்கித் தலகாணிக்கு அடில வச்சுக்கிச்சு. மழ பேயுது, வூட்டுக்குப் போ, வூட்டுக்குப் போங்குது."

அழுதாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடமாக எவளை நினைத்து வயிறெரிந்தேனோ அவள்தான் அனுப்பிவைத்தாள். நான் கேட்டு இவள் வந்திருக்க மாட்டாள்.

தை பிறந்ததும் வந்தாள். பெட்டியிலிருந்து கூறைப்புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். அதில் ஒரு அந்நியப் பவுடர் வாசனை இருந்தது. துவைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். தளத்தைத் தட்டிப் பார்த்தாள், கொத்தனாரைக் கூப்பிட்டு இன்னொரு முறை கறிச்சோறு போட்டாள். கொட்டகையைப் பிரிக்கலாம் என்றதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்று போய்விட்டாள்.

அதற்குள் செல்போன் வாங்கிவிட்டோம். ஆனால் கிழவிக்கு மனப்பாடமாக இருந்தது பாய் கடை நம்பர் ஒன்றுதான். எனவே வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இருவரும் போகிறோம். ஸ்டூலில் இப்போது அவள் உட்காருகிறாள், நான் நிற்கிறேன். மணி அடித்தால் பாய் எடுத்து அவளிடம் கொடுக்கிறார். "சாப்டியா?" என்று என் மனைவிதான் முதலில் கேட்கிறாள். பிறகு எல்லாம் அந்தப் பாஷை. சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள், கையை ஆட்டி எதையோ விளக்குகிறாள். மூன்றரை வருடம் அவள் அங்கே வாழ்ந்த வாழ்க்கை என் கண் முன்னால் நடக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

பாய்க்குப் புரிகிறது. கொஞ்சம் கொஞ்சம்.

"அரபி மாதிரியேதான் சார் இருக்கு," என்றார் ஒரு வெள்ளிக்கிழமை, என் காதருகே. "பைத்து, பைத்துங்கறாங்க பாருங்க. வூடு. அதயேதான் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க."

"எந்த வூட்டச் சொல்றா?"

அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"அது தெரியல சார்," என்றார்.