கை நனைத்த கம்பெனி

காலையில் என்னை எதிரே உட்காரவைத்து, "உங்கள் விலை எங்களுக்குச் சரிப்படாது, வேறு ஆளிடம் முடித்துவிட்டோம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மனிதர், மதியம் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து வெண்ணெய் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். ரோட்டர்டாமில் இது அன்றாடம் நடக்கிற காரியம். அவரவர் ரொட்டி அவரவர் டப்பாவில். குடிக்க மோர்கூட உண்டு. கார்னமெல்க் என்பார்கள், உப்பும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. அவர் தன் மகளின் நீச்சல் போட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். நம்மூரில் காலையில் சம்பந்தம் வேண்டாமென்று சொன்னவன் மதியம் அதே வீட்டுப் பந்தியில் உட்காருவானா? இங்கே சாப்பாடு வேறு, பேச்சு வேறு. பாதி ஆயுளை இங்கே கழித்துவிட்டேன், இன்னமும் அந்த வெண்ணெய் எனக்குத் தொண்டையில் சுலபமாக இறங்குவதில்லை.

நான் ஆண்டிமடத்தில் ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். கப்பலில் பாத்திரம் கழுவ ஏறி, இந்தத் துறைமுகத்தில் இறங்கினேன். இன்றைக்கு அதே துறைமுகத்தை ஒட்டி எனக்கென்று ஒரு கிடங்கு இருக்கிறது. பல நாட்டு முந்திரி அதற்குள் வந்து போகிறது. பருப்பை விரலில் உருட்டினால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மெஷின் பிறகு வந்து ஆமாம் என்னும். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். சொல்லிக்கொள்ள எனக்கு வேறு பட்டம் கிடையாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் நடத்துகிற கம்பெனிகூட நம் பக்கம் முந்திரி வாங்கப் போகவேண்டுமென்றால் முதலில் என் கிடங்குக் கதவைத்தான் தட்டுகிறது. ஊரில் இருக்கிறவர்களும், என்னைப் போல வெளியே கிடக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கம்பெனி நம்மை 'வளரும் சந்தை' என்கிறது. அப்படி ஒரு நாட்டுக்கு வரும்போது அதற்கு நிலமும் வேண்டாம், கொட்டகையும் வேண்டாம். மழை எப்போது, கூலி எவ்வளவு, எந்த ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த உள்ளூர்க் கூட்டாளி வேண்டும். பேர் அவர்களுடையது, தரம் பார்க்கிற முறை அவர்களுடையது, வெயில் நம்முடையது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று நாட்டில் இரண்டு மூன்று பேரோடு பேசுவார்கள். அதை ஒளிக்கவும் மாட்டார்கள், யாராவது கேட்டால் சொல்லிவிடுவார்கள். நாம்தான் கேட்பதில்லை. கேட்டால் அசிங்கம் என்று நினைக்கிறோம்.

ஹென்ரிக் அப்படி ஒரு கம்பெனியில் கொள்முதல் பார்ப்பவர். நல்ல மனிதர். அவரை நான் கூட்டிக்கொண்டு போனது தனக்கொடி அண்ணியிடம். என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் போன பிறகு ஆண்டிமடத்தில் முந்திரி உடைக்கும் கொட்டகையைத் தனியாக நடத்துகிறவர். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிற பெண்கள் பாதிப்பேருக்கு வீட்டில் வேறு வருமானம் கிடையாது. பருப்பை வாங்கிக்கொள்வது ஒரு பண்ருட்டி வியாபாரி. விளைச்சல் இல்லாத மாதங்களில் வெளியூர்க் கொட்டையை லாரியில் அனுப்பி வேலை ஓடவைப்பதும் அவர்தான்.

பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஓரத்து லாட்ஜில் தங்கி, மறுநாள் அரியலூர் வழியாக சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தோம். ஹென்ரிக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், பருப்பைக் கடித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. உள்ளே கூடத்தில் இலை போட்டிருந்தது. பச்சை முந்திரிக் குழம்பு வாசம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனால் பேச்சு முடிகிறவரை காபியோடு சரி. இலையில் உட்கார்ந்து கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

"அண்ணி, காபியோட நிறுத்திக்கலாமே," என்றேன் மெதுவாக.

"ஏன், ஒங்க தொரை காரம் சாப்புட மாட்டாரா?"

"அதுக்கில்ல. இன்னும் பேச்சு முடியல."

"முடியலைன்னு எனக்குந்தான் தெரியும் தம்பி. அதுக்குத்தானே எலை போட்டுருக்கேன். உக்காந்தா சம்மதம். இல்லைன்னா காபியக் குடுத்து மரியாதையா அனுப்பிடுறேன். அவர்ட்ட இத அப்படியே சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காத."

நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'இந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் கூட்டுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், யோசித்துக்கொள்ளுங்கள்' என்று டச்சு மொழியில் சொன்னேன். என் டச்சைக் கேட்டு ரோட்டர்டாமில் பிறந்தவனே திரும்பிப் பார்ப்பான். ஹென்ரிக் சிரித்தார். "அப்படியானால் சம்மதம்தான்" என்று சொல்லிச் சம்மணம் போட முடியாமல் காலை ஒருபக்கமாக மடித்து உட்கார்ந்தார். குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். அண்ணி கொட்டகைப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் புரிந்துகொண்டு கலைந்து போனார்கள்.

சொல் அத்தனையும் சரியாகப் போய்ச் சேர்ந்தது, அதன் கனம்தான் போய்ச் சேரவில்லை. நாங்கள் ரோட்டர்டாம் திரும்பிக் கொஞ்ச நாளில் ஹென்ரிக் வியட்நாம் போய்வந்தார். "அங்கேயும் ஒரு குடும்பம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது. மீன் அருமை" என்று சந்தோஷமாகச் சொன்னார். யாரோடு கூட்டு என்று அடுத்த மாதம் முடிவாகும் என்றார். அன்று சாயங்காலமே அண்ணியிடமிருந்து போன்.

"பண்ருட்டிக்காரரு லாரி வந்துச்சு தம்பி. வேற எடத்துல கை நனைச்சாச்சுன்னு சொல்லி வெறுவண்டியா அனுப்பிட்டேன்."

"அண்ணி, அவசரப்பட்டுட்டீங்களே. இன்னும் கையெழுத்து ஆகல."

"கையெழுத்து எதுக்கு? அந்த ஆளு ரெண்டு தரம் கொழம்பு வாங்கி ஊத்திக்கிட்டாரு. நீயுந்தானே பாத்த?"

ஹென்ரிக்கிடம் போனேன். "உங்கள் பேச்சை நம்பி அவர் பழைய வியாபாரியை அனுப்பிவிட்டார்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே" என்றார். "நீங்கள் போட்டீர்கள், வலது கையால், இலையில்" என்றேன். மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். வியட்நாமோடும் உண்டு, ஆண்டிமடத்தோடும் உண்டு. அண்ணியோடு ஒரு பருவத்துக்கு மட்டும், சோதனையாக. ப்ரூஃப்யார் என்று அதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். பருவம் முடிகிறபோது பிடித்தால் நீட்டுவார்கள், இல்லையென்றால் கை குலுக்கிப் பிரிவார்கள். அவர்கள் கணக்கில் அது பெரிய தாராளம். எனக்கும் அது தெரிந்தது.

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நானே ஊருக்குப் போனேன். இதைப் போனில் சொல்கிற ஆள் நானில்லை. பண்ருட்டி வியாபாரி அதற்குள் இந்த வருடத்துக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டிருந்தார். ஆகக் கொட்டகைக்கு இருந்த ஒரே பிடி இந்தத் தாள்தான். நான் வாசித்து வாசித்துச் சொல்ல, அண்ணி முறத்தில் பருப்பைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"சேர்றதப் பத்தி ரெண்டு வரி, பிரியறதப் பத்தி நாலு பக்கமா? தாலி கட்டும்போதே அத்து விடுறதப் பேசுறவன் என்ன குடும்பம் பண்ணுவான்?"

"அவங்க வழக்கம் அப்படி அண்ணி. மொதல்லயே பேசிட்டா பின்னால சண்டை வராதுன்னு."

"சண்டை வராது. சரி. மனசு?"

இத்தனை வருடம் இரண்டு பக்கமும் வியாபாரம் பேசியவன் நான். நாம் பிரிவைப் பற்றி முதலில் வாய் திறப்பதில்லை. அதனாலேயே பிரியும்போது பகையாகிப் போகிறோம். அவர்கள் முதலிலேயே பேசிவிடுகிறார்கள். பிரிந்த மறுநாளும் வெண்ணெயை நகர்த்திக்கொள்ள முடிகிறது. எது மேல் என்று கேட்டால் ஆண்டிமடத்தில் இருக்கும்போது ஒன்று சொல்வேன், ரோட்டர்டாமில் இருக்கும்போது வேறொன்று சொல்வேன்.

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். "நானும் ஒண்ணு சொல்றேன், அதையும் எழுதச் சொல்லு. வேண்டாம்னு சொல்றதா இருந்தா லெட்டர்ல சொல்லப்படாது, போன்ல சொல்லப்படாது. ஆளு நேர்ல வரணும். இந்த வாசல்ல நின்னு சொல்லணும். அன்னைக்கி எலை கெடையாது, காபிதான்."

ஹென்ரிக்கின் வக்கீல்கள் அந்த வரியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிச் சிரித்தார்கள். ஹென்ரிக் மட்டும் சிரிக்கவில்லை. "நியாயம்தான்" என்று எழுதவைத்தார். அதோடு ஒன்று சேர்த்தார்: நேரில் போகவேண்டிய ஆள் கம்பெனியின் பிரதிநிதி. பிரதிநிதி என்ற இடத்தில் என் பெயர். இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது, வேண்டாமென்றால் அந்த வாசலில் போய் நிற்கவேண்டியது நான்.

பருவம் முடிகிற சமயத்தில் பெரம்பலூரில் ஒரு கல்யாணம். கம்பெனி வேலையாக வரவில்லை, கல்யாணத்துக்குத்தான் வந்தேன். முடித்துக்கொண்டு பஸ் மாறி ஆண்டிமடத்தில் இறங்கினேன். அண்ணி வாசல்படியில் நின்று வழியை மறித்தார்.

"தம்பி வந்துருக்கியா, கம்பெனி வந்துருக்கா?"

"தம்பிதான் அண்ணி."

"அப்ப காலக் கழுவிட்டு வா. சோறு ஆறுது."

இலையில் பாதி சாப்பிட்டிருப்பேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தேன், ஹென்ரிக். வலது கை ரசஞ்சோற்றில் இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் கொட்டை தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யார் கூப்பிடுகிறார்கள் என்று என் முகத்தைப் பார்த்தே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியைக் குண்டானில் வைத்தார்.

"எடு. ஆனா இங்க ஒக்காந்து எடுக்காத. கையக் கழுவிட்டு வாசலுக்கு வெளிய போய்ப் பேசு. அந்தப் பேச்சு எதுவா இருந்தாலும் வெளிய இருக்கட்டும்."

பாதி இலையை விட்டு எழுந்தேன். வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று, "ஹலோ ஹென்ரிக்" என்று அவர்கள் மொழியில் ஆரம்பித்தேன். அவர் நல்ல சேதிதான் சொன்னார், இன்னும் ஒரு பருவம் நீட்டிப்பு. அதற்கு மேல் இல்லை, அடுத்த வருடம் மறுபடி பார்ப்போம் என்றார். நன்றி சொன்னேன். அவரும் நன்றி சொன்னார்.

உள்ளே வந்தபோது அண்ணி குண்டானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் காபிக்காக நிற்கிறேனா, இலைக்கு முன்னால் உட்காருகிறேனா என்று மட்டும் பார்த்தார். உட்கார்ந்தேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் திரும்பி, "ஏன்டி, தட்டுறத நிறுத்திட்டீங்க?" என்றார். சத்தம் மறுபடி தொடங்கியது. இந்த வருடத்துக்கு அந்த வீட்டில் நான் கொழுந்தன். ஆறிப்போன சோற்றில் சூடான ரசம் விழுந்தது. கழுவிய கையில் ஈரம் காயவில்லை, அதோடேயே பிசைந்தேன்.