அம்மை போட்ட நிலா

கைப்பேசியில் யாராவது நிலாப் படம் அனுப்பினால் என் விரல் நேராக அந்த ஓரத்துக்குத்தான் போகும்: வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற இடம். பெரிதாக்கிப் பார்ப்பேன். பள்ளம், மேடு, நிழல். எங்கெங்கோ யார் யாரோ கண் விழித்து எடுத்து அனுப்புகிறார்கள். அத்தனை பேரும் நன்றாக இருக்கட்டும். ஆனால் எனக்கு இந்தப் பித்துப் பிடிக்க வைத்தவர் என் தாய்மாமன்.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணி ஊரில் ஒரு புகைப்படக் கடையில் அவருக்கு வேலை. படமெடுப்பதைவிட, எடுத்ததைத் திருத்துவதில் பேர் வாங்கியவர். பிலிமின் மேல் ஊசி முனைப் பென்சிலால் மெல்ல மெல்லத் தொடுவார். கல்யாணப் பெண்ணின் கன்னத்துத் தழும்பு காணாமல் போகும்.

எனக்குப் பதினோரு வயதில் அம்மை போட்டது. ரப்பர் தோட்டத்து வீட்டில் வேப்பிலைப் படுக்கை, மஞ்சள் தண்ணீர், எல்லாம் ஆயிற்று. ஆத்தா இறங்கிப் போனாள்; போகும்போது என் மூக்கிலும் கன்னத்திலும் குழிகளை விட்டுவிட்டுப் போனாள். அடுத்த வாரமே பள்ளியில் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் படம் எடுக்கப் போகிறார்கள். எடுப்பது மாமாவின் கடை. அந்தப் படம் வகுப்புச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கும். பள்ளிக்கே போக மாட்டேன் என்று அழுதேன்.

"மாமா, என் மூஞ்சியையும் பென்சில்ல சரி பண்ணிடுங்க மாமா."

"அதுக்கென்ன லா பாப்பா, பண்ணிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்தவர், கையிலிருந்த சுருளை விரித்து நடுவீட்டில் ஆணியடித்து மாட்டினார். நிலா. பாதி நிலா, முறம் அகலத்துக்கு. அவ்வளவு கிட்டத்தில் அதை நான் பார்த்ததில்லை. ஓரத்துக் குழிகளில் நிழல் தேங்கி நின்றது. ஒவ்வொரு விளிம்பும் வெள்ளிக் கம்பியாய் மின்னியது.

"முழு நிலாவுல வெயிலு நேரா அடிக்கும், ஒண்ணும் தெரியாது. சாஞ்சு அடிச்சாத்தான் அழகு" என்றார் மாமா.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே! நிலாவுக்கும் ஆத்தா வந்துட்டுல்ல போயிருக்கா!" படத்தின் மேல் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். ஆத்தா இருக்கிற வீட்டில் எண்ணெய் காயக் கூடாது. ஆகவே அன்று மதியம் சாம்பாருக்குத் தாளிப்பு இல்லை.

"அம்மை அதுக்கு, பத்தியம் எனக்கா?" என்றார் அப்பா.

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க. ஆத்தா கேட்டுக்கிட்டு இருக்கா."

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மை போட்ட பிறகு நான் வாய்விட்டுச் சிரித்ததும் அன்றுதான். சாயங்காலம் வரை அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றேன்.

பள்ளிக்குப் போனேன். படமெடுக்கும்போது மாமா என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பினார். "அப்படியே இரு."

படம் கழுவி வந்தது. குழிகள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

"ஏன் மாமா சரி பண்ணல?"

"பென்சிலு மொனை ஒடஞ்சி போச்சி பாப்பா."

எனக்குப் பாவமாக இருந்தது. அவ்வளவு பெரிய கடையில் ஒரே ஒரு பென்சில்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன். என் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, நன்றாகச் சீவி, அவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு கிளம்பாமல், என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி எதைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.