நசுங்காத எலுமிச்சம்பழம்

திருவண்ணாமலை. பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், பிள்ளையார் சந்நிதி முன் என் புதுக் கார் பூஜைக்கு நிற்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழங்கள். எனக்கு முன் நின்ற டிராக்டர் ஒரே உறுமலில் தன் பழங்களைச் சப்பையாக்கிவிட்டுப் போயிருக்கிறது.

என்னுடையது ஆட்டோமேட்டிக். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கியதால் வாங்கினேன். இது இழுக்காது என்று என் மனைவி சரோஜா அப்போதே சொன்னாள். நேற்று சென்னையிலிருந்து வரும் வழியில் லாரிகள் எங்களை முந்தியபோதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பழமும் நசுங்காவிட்டால் காரை விற்கச் சொல்லிவிடுவாள்.

"எடுங்க சார்," என்கிறார் பூசாரி.

ஆக்சிலேட்டரை அழுத்துகிறேன். கார் சற்று யோசிக்கிறது. பிறகு மெல்ல நகர்ந்து, பழங்களை நசுக்காமல் உருட்டிக்கொண்டு போகிறது.

"ஜாஸ்தி அழுத்துங்க சார்!"

"அழுத்திட்டுதாங்க இருக்கேன்."

பூசாரி குனிந்து, முழுசாகக் கிடக்கும் ஒரு பழத்தை எடுக்கிறார்.

"கெட்ட சகுனம்தானே சாமி?" என்று சரோஜா கேட்கிறாள். குரலில் கவலையைவிட நம்பிக்கை அதிகம்.

"அதெல்லாம் இல்லம்மா. சீறிக்கினு போற வண்டி மேலதான் நாலு பேர் கண்ணு படும். இதுக்குத் திருஷ்டியே வராது."

கார் தப்பித்தது. சரோஜா அந்தப் பழத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்காருகிறாள்.

"கிளம்புங்க. இருட்டறதுக்குள்ள சென்னை வீடு போய்ச் சேரணும்."

இன்னும் காலை பத்து மணிகூட ஆகவில்லை.