இரண்டாம் நாள் நன்றாகத்தான் இருப்பார்கள்

ஓய்வு பெறும்வரை இந்தக் கரிசல் வட்டாரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நிர்வாக அலுவலராக இருந்தேன். கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். விதிமுறையில் என்னை அசைக்க ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மயக்கமும் உண்டு.

பொது மருத்துவத்தில் பி.ஜி. என்ற மேற்படிப்பு மாணவர்களைச் சேர்க்க அனுமதி வந்தபோது, பாடம் நடத்த முன்வந்த டாக்டர்களிடம் ஒரு படிவம் வாங்கினேன். அதில் 'கற்பிக்க விரும்பும் காரணம்' என்று ஒரு கட்டம். இருவர் சேவை மனப்பான்மை என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆசிரியர் பட்டியலில் பெயர் இருந்தால் மகன் பள்ளி முடிக்கும்வரை இடமாற்றம் வராது. மற்றவருக்கு ஊரிலேயே கிளினிக். போர்டில் ஆசிரியர் என்றும் ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இருவரும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். நாகலாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த டாக்டரம்மா மட்டும் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.

"ஆய்வுக்கு வாரவங்க கேப்பாங்க மேடம்."

"நல்லதா எதையாவது நீங்களே போட்டுருங்க சார்."

நானும் சேவை மனப்பான்மை என்று போட்டேன்.

அவர் வார்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எலியைக் கொல்லும் பேஸ்ட் வயிற்றுக்குள் போய் வார்டுக்கு வந்தவர்களின் தலைமாட்டில் தினமும் ஒரு எண் ஒட்டுவார். விஷம் போய் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. பி.ஜி.க்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்குமுன் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். முதல் நாள் வாந்தி. பிறகு ஒன்றிரண்டு நாள் ஆள் தெளிந்துவிடுவார். ஈரல் கெடுவது அதற்கப்புறம்தான். பையன்கள் அவருக்குக் 'கேலண்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் புதூர்ப் பக்கத்து மக்காச்சோள விவசாயி ஒருவர் வந்து சேர்ந்தார். எலிக்காக மனைவி பேஸ்ட் தடவி வைத்த தேங்காய்ச் சில்லை, வேலை முடிந்து வந்த பசியில் எடுத்துத் தின்றுவிட்டாராம். மறுநாள் காலை வார்டுப் பதிவேடு பார்க்க நான் போனபோது, கட்டிலில் சம்மணமிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டில் இரண்டு. வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

"அறுவடை மெஷினு வந்து நிக்கி டாக்டரம்மா. மேகம் வேற கட்டுது. நாளைக்கு அது வெளாத்திகுளம் போயிரும்."

"போட்டும் அண்ணாச்சி. இன்னும் நாலு நாளு இங்கன இரிங்க."

"வலி இல்ல, வாந்தி இல்ல. சும்மா கெடந்தா நான் திங்கிற இட்லிக்கே சோளம் பத்தாது."

வார்டு சிரித்தது. பக்கத்தில் நின்ற பி.ஜி.யும் சிரித்தான். டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"எங்க சித்தப்பாவும் ரெண்டாம் நாளு இப்படித்தான் பேசினாவ. அப்ப நான் ஹவுஸ் சர்ஜன். ஒண்ணுமில்லன்னு நாந்தான் வீட்டுக்கு அனுப்பினேன். நாலாம் நாளு கண்ணு மஞ்சளாத் திரும்பி வந்தாவ. நீயும் சிரி."

விவசாயி என்னைப் பார்த்தார்.

"சார், கையெழுத்துப் போட்டா விடுவீங்கள்லா?"

"விடுவோம்" என்றேன். விதி அதுதான். ஆலோசனையை மீறிப் போகிறவரைக் கட்டிவைக்க முடியாது. அப்படிப் போகிறவர் கையெழுத்திடும் படிவம் எங்கள் அலுவலகத்திலிருந்து வார்டுக்கு வர வழக்கமாக மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் பாதிப் பேர் மனம் மாறிப் படுத்துவிடுவார்கள். அன்று நானே போய் ஐந்து நிமிடத்தில் எடுத்து வந்தேன்.

"ஒங்க ஃபாரத்துக்கு இன்னைக்கு என்ன சார் அவசரம்?" என்றார் டாக்டரம்மா.

அவரும் மனைவியும் பதினொரு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். பி.ஜி. அன்றும் மறுநாளும் போன் செய்துகொண்டே இருந்தான். மெஷின் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை.

நான்காம் நாள், சோளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தார்கள். வலி இல்லை என்றுதான் அப்போதும் சொன்னார். கண்கள் மஞ்சளாக இருந்தன. ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினோம். யாரும் சொல்லாமலே அந்த பி.ஜி. கூட ஏறிக்கொண்டான். மூன்று நாளில் முடிந்துவிட்டது.

பிறகு கேஸ் ஷீட் நகல் கேட்டு மனைவி வந்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த அந்தப் படிவத்தில் விரலை வைத்தார்.

"சாட்சின்னு இதுல இருக்குறது எங் கையெழுத்துல்லா சார்?"

ஆமாம் என்றேன். எந்த இடத்தில் போட வேண்டும் என்று காட்டியவன் நான்.